1980-இல் இரவல் போன புத்தகங்கள்

"முத்துக்குமாரு அண்ணை ஏப்ரல்ல காலமானவர். செத்தவீட்டுக்கு நானே போனனான்," என்றார் குணபூசணி. "அவர் இந்தக் கிழமையும் புத்தகம் எடுத்திருக்கிறார்."

பிரிக்பீல்ட்ஸில் ஒரு தையல் கடையின் மாடியில் இருந்த சங்க நூலகத்துக்கு அவர்தான் ஒரே பொறுப்பாளர். அவர் நீட்டிய கணினித் தாளைத் தபால் இலாகாவின் ஓய்வுபெற்ற விசாரணை அதிகாரி யோகநாதன் நிதானமாகப் படித்தார். இன்சூரன்ஸ் ஏஜெண்டான பாலன், தன் வேலையைவிட அவருடைய வழக்குகளையே அதிகம் விரும்புகிறவன், தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான்.

நான்கு இரவல்கள், நான்கும் முத்துக்குமாருவின் பெயரில். புத்தக எண்கள் 412, 413, 414, 415. தேதி ஒவ்வொன்றுக்கும் 1-1-1980. நேரம் நள்ளிரவு 12.04, 12.05, 12.04, 12.06.

அது 1994 ஜூன் மாதம். 414 அச்சானதே 1991-இல்தான் என்று குணபூசணி சொன்னதும் பாலன் தாளிலிருந்து கையை எடுத்துக்கொண்டான்.

பெரிய நிறுவனத்தின் நூலக மென்பொருளுக்கு எட்டாயிரம் வெள்ளி விலை சொன்னார்கள். கிள்ளானில் ஓர் ஆசிரியர் எழுதிய மென்பொருளை முந்நூறு வெள்ளிக்குக் கண்டுபிடித்தவர் குணபூசணி. தலைவர் வீரசிங்கம் மூன்று மாதம் சோதித்துப் பார்க்க மட்டும் சம்மதித்திருந்தார். இப்போதோ, மென்பொருள் பொய் சொல்லாவிட்டால் அதைக் கையாள்பவர் பொய் சொல்கிறார் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்குள் விடை கிடைக்காவிட்டால், மென்பொருளோடு குணபூசணியும் வெளியேற வேண்டியதுதான்.

சனிக்கிழமை மதியம் அவர்கள் நூலகத்துக்குள் நுழைந்தபோது மழைக்கு இருட்டிக்கொண்டிருந்தது. சன்னலோரத்தில் முத்துக்குமாரு வழக்கமாக உட்காரும் நாற்காலி காலியாக இருந்தது. இருந்த இரண்டு வாசகர்களும் அதற்கு முதுகு காட்டாமல் அமர்ந்திருந்தார்கள். எங்கும் காற்றில்லை. ஆனாலும் அந்த நாற்காலிக்கு மேலிருந்த நாட்காட்டித் தாள் மெல்ல எழுந்து தணிந்தது.

"அங்கிள், பையில எலுமிச்சம்பழம் வச்சிருக்கேன் லா," என்று பாலன் கிசுகிசுத்தான்.

"நல்லது. தாகமெடுத்தால் பிழிந்து குடிக்கலாம்," என்றார் யோகநாதன்.

புத்தகங்கள் உண்மையிலேயே போகின்றனவா என்று அவர் கேட்டார். வியாழக்கிழமை காலைகளில் அலமாரியில் ஓர் இடைவெளி தெரியும் என்றார் குணபூசணி. இரண்டு வாரத்துக்குள் அதே புத்தகம், மடிந்த பக்கங்கள்கூட நீவிவிடப்பட்டு, திருப்பும் பெட்டியில் கிடக்கும். சாவிகள் தலைவரிடமும் குணபூசணியிடமும், காலையில் கூட்டிப் பெருக்கும் வீரம்மாவிடமும் இருந்தன.

யோகநாதன் அலமாரிக்குப் போனார். சித்த மருத்துவம், கோழி வளர்ப்பு, வங்கித் தேர்வு வழிகாட்டி ஆகியவை திரும்பி வந்திருந்தன. அவற்றை அடுத்து 415-இன் இடைவெளி. பிறகு இரவல் தரும் முறையைச் செய்துகாட்டச் சொன்னார். குணபூசணி கோடுகள் அச்சிட்ட உறுப்பினர் அட்டையின்மீது ஒளிப்பேனாவை இழுத்தார். 'பீப்' என்றது. புத்தகத்தின்மீதும் இழுத்தார். மீண்டும் 'பீப்'. வேறெதையும் தட்டவேண்டியதில்லை.

"காலையில் முதலில் என்ன செய்வீர்கள்?"

"சுவிட்சைப் போட்டால் அது தேதியும் நேரமும் கேட்கும். அடிச்சுக் கொடுப்பன். பழைய மெசின்தானே."

ஞாயிறன்று எல்லாரும் கூடினார்கள். வீரம்மா தேநீர்த் தட்டோடு வாசலருகே நின்றாள். யோகநாதன் கணினியின் சுவிட்சைப் போட்டார். அது தேதி கேட்டது. அவர் ஒன்றும் எழுதாமல் பெரிய 'என்டர்' விசையை மட்டும் இரண்டு முறை அழுத்தினார். திரையில் 1-1-1980 என்று தோன்றியது. நேரம் நள்ளிரவு பன்னிரண்டு.

"இந்தக் கணினிக்குள் கடிகாரம் இல்லை," என்றார் அவர். "சொல்லாவிட்டால் தான் அறிந்த முதல் நாளிலிருந்து எண்ணத் தொடங்கும். ஆக, 12.04 என்பது நள்ளிரவு அல்ல. சுவிட்சைப் போட்டு நான்கு நிமிடம் ஆகிவிட்டது என்று மட்டுமே பொருள். மென்பொருளில் பிழையில்லை. குணபூசணியும் பொய் சொல்லவில்லை. தேதி எழுதத் தெரிந்தவர் அவர்."

"அப்ப, எடுத்தது யாரு அங்கிள்?" என்றான் பாலன்.

"மருத்துவம், கோழி, தேர்வு என்று வரிசையாக எந்த வாசகரும் படிப்பதில்லை. தலைப்பை வாசிக்கத் தெரியாதவர் எடுத்திருக்கிறார். ஆனால் பதியாமல் எடுக்க அவருக்கு மனம் வரவில்லை. திருடன் பேனாவை இழுப்பானா? அவர் பெயர் இந்தச் சபைக்கு எதற்கு?"

தேநீர்த் தட்டு மேசையில் இறங்கியது.

"நான்தாங்க," என்றாள் வீரம்மா. "எங்க ஃபிளாட்டுல ஜெயராஜ் அண்ணே. லோரி கவுந்து இடுப்புக்குக் கீழ விளங்கல. முத்துக்குமாரு ஐயாதான் புத்தகம் கொண்டாந்து குடுப்பாரு. சாகுறதுக்கு முன்னாடி அட்டைய எங்கிட்ட குடுத்து, நிறுத்திடாதம்மான்னாரு."

"என்னிடம் கேட்டிருக்கலாமே?" என்றார் வீரசிங்கம்.

"கேட்டேங்க ஐயா. ஆள் நேர்ல வந்து கையெழுத்துப் போடணும்னு சொன்னீங்க."

வீரசிங்கத்துக்கு அது நினைவில்லை. சிறிய கருணையைக் கேட்டவர்கள் மறப்பதில்லை. மறுத்தவர்கள்தான் மறந்துவிடுகிறார்கள்.

அவர் குணபூசணி பக்கம் திரும்பினார். "என்னை மன்னியுங்கோ, பிள்ளை. உங்கட மென்பொருளே இருக்கட்டும்." மேசையிலிருந்து உறுப்பினர் படிவம் ஒன்றை எடுத்தார். அலமாரியிலிருந்து, தலைப்பைப் பார்த்து, இரண்டு நாவல்களை எடுத்தார்.

"எத்தனையாவது மாடி?"

"பதினொண்ணுங்க. லிஃப்ட் கெட்டுக் கிடக்கு, ஐயா."

வீரசிங்கம் புத்தகங்களைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு செருப்பை மாட்டினார்.