இருபத்து மூன்று லீற்றர்

சுபாங்கன் ஆறரைக்கு எழுந்தான். முகம் கழுவினான். கறுப்புப் பாணில் இரண்டு துண்டு வெட்டி, வெண்ணெய் பூசி, நின்றபடியே தின்றான். ஒரு கோப்பை கோப்பி குடித்தான். கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தான். மனைவி மேனுஜா இறந்து பதினொரு மாதத்துக்கு மேலாகிறது. காலை இப்படித்தான் போகிறது.

கீழே ‘ப்ளுக்’ என்று கேட்டது.

சமையலறைக் கதவுக்குப் பின்னால் நிலவறைக்கு இறங்கும் பதினொரு படிகள். கீழே சுவரோரம் ஒரு பெரிய கண்ணாடிச் சாடியில், அவர்கள் இருவரும் கடைசியாகக் காய்ச்சிய பியர் அப்படியே நின்றது. அதன் மூடியில் தண்ணீர் ஊற்றிய சிறு குழாய் ஒன்று செருகியிருக்கும். பியர் நொதிக்கும்போது காற்று அதன் வழியாகக் குமிழ் விட்டு வெளியேறும். இரண்டு கிழமையில் நொதிப்பு அடங்கிவிடும். பதினொரு மாதம் கழித்துக் குமிழ் வர நியாயமில்லை.

அவன் கதவைத் திறந்தான். ஈரச் சுண்ணாம்பும் பழைய ஈஸ்டும் கலந்து எப்போதும் வருகிற வாடைக்கு மேலே, சாடிகளைக் கழுவ மேனுஜா பாவித்த கிருமிநீக்கித் திரவத்தின் மூக்கை எரிக்கும் நெடி, அந்தப் போத்தலை அவனே குப்பையில் போட்டு மாதக்கணக்காகியும், இப்போதுதான் யாரோ ஊற்றிக் கழுவியதுபோலப் படியேறி வந்தது. மின்குமிழைப் போட்டான். சுவரோரத் தூசியில் ஒரு வெறும் வட்டம். சாடி கீழே முதற்படிக்கு அருகில் நின்றது. தரையில் இழுத்த தடம் இல்லை. யாரோ தூக்கி வைத்திருக்கிறார்கள்.

தாரகன், என்று நினைத்தான்.

தாரகன் மேனுஜாவின் தம்பி. வைலே நகரத்தின் மறுகரையில் இருக்கிறான். அவனிடம் இந்த வீட்டுக் கதவின் திறப்பு ஒன்று உண்டு. செத்தவீடு முடிந்த நாளிலிருந்து அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். அக்கா எந்தப் படியில் நின்றாள்? நீங்கள் எங்கே நின்றீர்கள்? சுபாங்கன் எல்லாருக்கும் ஒரே பதிலைத்தான் சொல்லியிருந்தான். தான் சமையலறையில் நின்றதாக. அன்று காய்ச்சி நிரப்பிய இரண்டாவது சாடியை அவள் தனியே தூக்கிக்கொண்டு இறங்கி வழுக்கியதாக. உடைந்த கண்ணாடி தொடையில் ஆழமாக இறங்கியது. அம்புலன்ஸ் வர முன்னரே எல்லாம் முடிந்துவிட்டது. “நீங்கள் இருங்கோ, நான் கொண்டுபோறன்” என்பதுதான் அவளுடைய கடைசி வார்த்தை என்றும் சொல்லியிருந்தான். மேனுஜாவின் அப்பா, மாமா சபாரத்தினம், அதை வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லி அழுவார்.

அடுத்த கிழமை அவளுடைய ஆட்டைத் திவசம், முதலாவது வருசத் திதி. ஐயர் வர முன்னம் வீட்டில் மதுச்சாமான் ஒன்றும் இருக்கக்கூடாது என்று மாமா சொல்லிவிட்டார். சாடியை ஏற்ற உதவிக்குத் தாரகன் பத்து மணிக்கு வந்தான்.

“நேற்று இஞ்ச வந்தனியோ?”

“நானோ? போன மாசத்துக்குப் பிறகு இண்டைக்குத்தான் வாறன். ஏன் அத்தான், கள்ளன் வந்து பியர் குடிச்சிட்டானோ?”

சுபாங்கன் அவனுடைய முகத்தையே பார்த்தான். பொய் சொல்கிற ஆளை அவனுக்குத் தெரியும். தெரிய வேண்டும்.

“குழாய் போட்டு வாளியில இறக்குவம்” என்றான். “நிறைஞ்ச சாடியோட படியேறக் கூடாது.”

“அக்காதானே எனக்கும் சொல்லித் தந்தவ. கண்ணாடி காய்ஞ்சிருக்கோணும். கழுத்தில பிடிக்கக் கூடாது. அடியால வார் போட்டு, ரண்டு பேர்.” தாரகன் படிகளை எண்ணுவதுபோலப் பார்த்துக்கொண்டு கீழே இறங்கினான். “முதியோர் இல்லத்தில எட்டு வருசம் வேலை செய்தவ, அத்தான். ஒரு கிழவியைக் கட்டிலால எழுப்பவே ரண்டாவது ஆள் வராமல் கை வைக்கமாட்டா. இருபத்து மூண்டு லீற்றரைத் தனியத் தூக்கினவவாம்.”

சுபாங்கன் வாளியை எடுத்தான். தாரகன் அதை வாங்கிக் கீழே வைத்தான்.

“முழுசாத்தான் தூக்குவம். எனக்கு ஒருக்காப் பாரம் பாக்கோணும்.”

ப்ளுக்.

“இன்னும் உயிரோட கிடக்கு” என்று தாரகன் சிரித்தான். பிறகு தன் கைகளைப் பார்த்தான். “கையுறை காருக்க. வாறன், பொறுங்கோ.”

அவன் மேலே போனான். வாசற்கதவு திறந்து மூடியது. சுபாங்கன் சாடியின் அடியால் அகலமான வாரைக் கொடுத்து, இரண்டு பக்கமும் கைபிடிகளை மேலே எடுத்துவிட்டான். கண்ணாடி ஈரமாக இருந்தது. துடைத்தான். மறுபடியும் ஈரம். படிப்பக்கமாகப் பின்னால் நகர்ந்து, முதற்படியில் குதிக்காலை ஊன்றி, குனிந்து தன் பக்கத்துக் கைபிடியைப் பற்றியபோது, பின்னாலிருந்து யாரோ இறங்கி வந்து அவனுடைய தோளை உரசிக்கொண்டு போவது தெரிந்தது. குளிர்காற்று ஒட்டிய உடுப்பு. வெளியே போய் வந்த ஆளின் குளிர். எதிர்ப்பக்க வார் இறுகியது.

“பிடிச்சிட்டியோ?”

“ம்.”

தூக்கினார்கள். சாடி அசையாமல் எழுந்தது. பியரின் மேற்பரப்புக்கூடச் சரியவில்லை. அவன் பின்பக்கமாக ஒரு படி ஏறினான். எதிர்ப்பக்கம் பொறுத்து, மூச்சு விட்டு, பிறகு ஏறியது. இன்னொரு படி. மறுபடியும் அதே தாமதம், அதே மூச்சு. ஆட்களைத் தூக்கிப் பழகிய ஒருவரின் நிதானம். தாரகன் கணினிக்கு முன்னால் இருந்து வேலை செய்கிறவன். அவனுக்கு இது எப்படித் தெரியும்?

நாலாவது படி.

மேலே வாசற்கதவு திறந்தது. கால்மிதியில் யாரோ சப்பாத்தைத் தேய்த்தார்கள்.

“அத்தான், ஒரு சோடிதான் கிடந்தது.”

தாரகனின் குரல். முதுகுக்குப் பின்னால். மேலே.

கைபிடி கையில் இருந்தது. பாரம் பாதிதான் இருந்தது.

அவன் பார்க்கவில்லை. பிறகு பார்த்தான்.

சாடியின் வயிறு அந்தப் பக்கத்தை மறைத்தது. கறுத்த பியருக்கு ஊடாக ஓர் உள்ளங்கை. கண்ணாடியின் வளைவில் ஊதிப் பெருத்து. ஈரமாய். அழுத்தி.

“யாரோட தூக்கிறியள்?” தாரகன் மேற்படியில் நின்றான். பிறகு அவனும் பார்த்திருக்க வேண்டும். “அத்தான்...?”

எதிர்ப்பக்கம் ஒரு தரம் தாழ்ந்தது. பாரம் முழுவதும் அவனுடைய விரல்களில் வந்து விழுந்தது. திரும்பிப் போனது. மறுபடியும் தாழ்ந்தது. விடப்போகிற கை.

“நானும் பிடிச்சிருந்தனான்” என்றான் சுபாங்கன். “போன் அடிச்சது. கையை எடுத்திட்டன்.”

வார் அசையாமல் நின்றது.

“அப்ப அக்கா...” தாரகன் ஒரு படி இறங்கினான். “அக்கா கடைசியா என்ன சொன்னவ?”

கண்ணாடிக்கு அப்பால் மூச்சுச் சத்தமும் நின்றுவிட்டது. கேட்பதற்காக. உள்ளங்கை மெல்ல விரிந்தது. சுபாங்கன் அதைப் பார்த்துக்கொண்டே, அவள் சொன்னபடியே சொன்னான்.

“இஞ்சேருங்கோ, விட்டிடாதேங்கோ. நான் இன்னும் பிடிக்கேல்லை.”