கூம்பன்மலை பழுப்பானது

கூம்பன்மலை பழுப்பாகிவிட்ட செய்தி ஜெசிந்தாவுக்குக் காலைக் காப்பியோடு வந்து சேர்ந்தது. நாளைக்காட்டி என்ற கணிப்பு இயந்திரம் வெளியிட்ட புதிய படத்தில், நேற்றுவரை பச்சையாக இருந்த மலை தீய்ந்த தோசையின் நிறத்தில் கிடந்தது. அந்த மலையின் வரையாடுகளைக் கவனிக்கும் காட்டுயிரியலாளர் அவள். இளமையையும் இடது முழங்காலையும் அந்தப் பாறைகளில்தான் தேய்த்திருந்தாள். காப்பி ஆறிப்போனது.

நாளைக்காட்டியைக் குறை சொல்ல முடியாது. செயற்கைக்கோள்கள் அனுப்பும் வெப்பம், மழை, பனிமூட்டம் எல்லாவற்றையும் விழுங்கிவிட்டு, இன்ன விலங்கு இன்ன இடத்தில் முப்பது ஆண்டு கழித்தும் வாழுமா என்று சொல்லும். வாழும் என்றால் பச்சை, வாழாது என்றால் பழுப்பு. கோளாறெல்லாம் அதைக் கையில் வைத்திருந்த வட்டாரக் காட்டுயிர்த் திட்டக் குழுவிடம் இருந்தது. பழுப்பு விழுந்த இடத்துக்காக ஒரு துரும்பைக்கூடக் கிள்ளிப்போடக் கூடாது என்று விதி செய்திருந்தார்கள். காப்பாற்ற முடிகிற இடத்தை மட்டும் காப்பாற்றுவோம் என்பது அவர்கள் நியாயம். கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது.

அன்றே கூம்பன்மலையிலிருந்து வாட்டில் பிடுங்கும் ஆட்களை இறக்கிவிட்டார்கள். வாட்டில் என்பது வெள்ளைக்காரன் காலத்தில் விறகுக்கும் தோல் பதனிடும் பட்டைக்கும் கொண்டுவந்து நட்ட மரம். ஆண்டுதோறும் கன்றைப் பிடுங்காவிட்டால் புல்வெளியை முழுதாக மூடிவிடும். புல் போனால் வரையாடும் போகும். இதைச் சொல்ல ஜெசிந்தா குழுத் தலைவர் கோதண்டபாணியிடம் போனாள். அவர் அவளை உட்காரவைத்து, டீ வரவழைத்து, பொறுமையாகக் கேட்டார். அந்தப் பொறுமைதான் அவளுக்கு எரிச்சலைக் கிளப்பியது.

“எப்படியும் போகப்போற ஆடும்மா. அதுக்கு எதுக்கு இவ்வளவு மெனக்கெடணும்?”

“முப்பது வருஷம் கழிச்சுப் போகும்னுதான் சார் சொல்லுது. இன்னிக்கு அது அங்கதான் மேயுது.”

இன்றைக்காகத் திட்டமிடுவது பழங்காலத்து முறை என்று சிரித்துக்கொண்டே அனுப்பிவைத்தார். அவள் விண்ணப்பம் மேல் விண்ணப்பமாகப் போட்டாள். சுவரோடு பேசியிருந்தால் எதிரொலியாவது கிடைத்திருக்கும்.

வாட்டிலுக்குக் கொண்டாட்டம். நான்கே ஆண்டில் கன்றுகள் ஆள் உயரம் தாண்டின. புல்வெளியில் திறந்து நின்று மேய்ந்த ஆடுகள், புதருக்குள் ஒளிந்திருந்த சிறுத்தைக்கு ஒவ்வொன்றாக இரையாயின. கணக்கெடுக்க ட்ரோனை அனுப்பினார்கள். வாட்டில் கூரைக்கு மேல் பறந்த ட்ரோன் ஒரு ஆட்டையும் காணாமல் திரும்பி வந்தது. முப்பது ஆண்டில் நடக்கும் என்றது நான்கே ஆண்டில் நடந்துவிட்டதே என்று யாராவது வருந்தியிருந்தால் ஜெசிந்தா அவர்களை மன்னித்திருப்பாள். அவர்களோ விழா எடுத்தார்கள். கணிப்பு பலித்துவிட்டதாம்.

விழா மேடையில் அவளுக்குப் பொறுக்கவில்லை. நாளைக்காட்டியில் ‘ஏன்’ என்றொரு கட்டளை உண்டு. யாரும் அதுவரை அதைக் கேட்டதில்லை, முடிவு கிடைத்த பிறகு காரணம் எதற்கு என்பது குழுவின் பழக்கம். அவள் எல்லோர் முன்னாலும் மேடைத் திரையில் அதை அழுத்தினாள். வெப்பம், மழைக்குறைவு என்பவை கடைசி வரிகளில் இருந்தன. முதல் வரியில், ‘இம்மலை பழுப்பு என்று அறிவிக்கப்படும்’ என்று இருந்தது.

அரங்கமே அதை வாசித்தது. பிறகு கோதண்டபாணி கைதட்டினார். நாம் என்ன செய்வோம் என்பதைக்கூட முன்கூட்டியே கணக்கில் எடுத்துக்கொள்கிறதே, எப்பேர்ப்பட்ட இயந்திரம் என்று ஒலிபெருக்கியில் வியந்தார். எல்லோரும் கைதட்டினார்கள். ஜெசிந்தா சாப்பிடாமல் வீட்டுக்குப் போய்விட்டாள்.

இந்த வெற்றியைப் பார்த்த அரசு நாளைக்காட்டியை ஊர்களுக்கும் நீட்டித்தது. அடுத்த ஆண்டு வந்த முதல் படத்தில், கூம்பன்மலையின் அடியில் குழுவின் தலைமையகம் இருந்த தேன்சுனை நகரமே பழுப்பு. மனிதர் வாழத் தகாத இடமாகும் என்றிருந்தது. ஊருக்கான ஓடை அந்த மலையில்தான் பிறந்தது. புல்வெளி தேக்கிவைத்துக் கசியவிட்ட தண்ணீரை இப்போது வாட்டில் குடித்துக்கொண்டிருந்தது. படம் வந்த வாரமே குழாய் ரிப்பேர் நின்றது. வங்கிகள் கதவைச் சாத்தின. பள்ளிக்கூடத்துக்குப் புது ஆசிரியர் வரவில்லை. பஸ் குறைந்தது.

கோதண்டபாணி தேன்சுனையில் மாடி வீடு கட்டிக் குடிபோயிருந்தார். ஒரு காலை அவரே ஜெசிந்தாவின் அறையைத் தேடிக்கொண்டு வந்தார். முகம் சவரம் காணாமல் இருந்தது.

“இது வெறும் கணிப்புதானேம்மா? நாம ஏதாவது செஞ்சா மாறும்ல?”

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் விழுங்கிக்கொண்டு, மாறும் என்றாள். கூம்பன்மலை வாட்டிலை இந்த மாதமே பிடுங்கத் தொடங்கினால் புல் வரும், புல் வந்தால் சில மழைக்காலத்தில் ஓடையும் வரும் என்று படம் போட்டுக் காட்டினாள். அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். எல்லாம் கேட்டுவிட்டு நெற்றியைத் தேய்த்தார்.

“சரிதாம்மா. ஆனா மலை பழுப்பாச்சே. அது பச்சையாகட்டும், அன்னிக்கே ஆளை ஏத்திடறேன்.”

“வேலை நடந்தாத்தான் சார் பச்சையாகும்.”

“பச்சையானாத்தானேம்மா வேலை நடத்தலாம்.”

அவர் கேலி செய்யவில்லை. அதுதான் கொடுமை. சொந்த வீட்டில் குழாய் காய்ந்து கிடக்கும்போதும் மனிதர் விதியை விட்டு ஓர் அங்குலம் நகர மாட்டேன் என்றார். அவளுக்குக் கோபப்படக்கூடத் தெம்பில்லை. எழுந்த கோதண்டபாணி, தான் ஒரு பச்சை ஊருக்கு மாற்றல் கேட்டிருப்பதாகவும், அவளும் சீக்கிரம் கேட்டுவிடுவது நல்லது என்றும் அக்கறையோடு சொன்னார்.

“நான் போகலை சார். உச்சிப் பாறையில பதினோரு ஆடு இன்னும் நிக்குது. நேத்து ஏறிப் பார்த்துட்டு வந்தேன். ரெண்டு குட்டி.”

கதவருகே போனவர் சட்டென்று நின்றார். தண்ணீர், வீடு, மாற்றல் எல்லாம் அவருக்கு மறந்துபோயின. திரும்பி வந்து கதவைச் சாத்திவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

“ஒண்ணுகூட இல்லைன்னு அறிவிச்சு, விழாவும் எடுத்துட்டோமேம்மா. இதை வேற யார்கிட்டயாவது சொன்னீங்களா?”