ஓரத்தில் ஐந்தாவது கையெழுத்து

நாற்பத்தோராம் பக்கத்தின் ஓரத்தில் ஐந்தாவதாக ஒரு கையெழுத்து இருந்தது. அவர்கள் இருந்ததே நான்கு பேர்தான்.

அவள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். பிழை திருத்துவது அவள் தொழில். பதினாறு வருடமாக அச்சகத்தில் பள்ளிப் புத்தகங்களையும், மருந்து டப்பாவுக்குள் எட்டாக மடித்து வைக்கும் தாள்களையும் எழுத்தெழுத்தாகப் படித்துப் பழகியவள். பிறர் கண்ணுக்குத் தப்புவதெல்லாம் நேராக வந்து அவள் கண்ணில்தான் விழும். ஓரத்தில் சிவப்பு என்றால் மருந்துக்கடை அண்ணன். நீலம் பல் டாக்டர். பச்சை லிஃப்ட் மெக்கானிக். கத்தரிப்பூ நிறம் அவளுடையது. வேலையில் நாள் முழுக்கச் சிவப்பைப் பிடிக்கிறவளுக்கு வீட்டிலும் சிவப்பா என்று கேட்டு வாங்கிக்கொண்ட நிறம். இதுவோ சாதாரணக் கறுப்புப் பென்சில். பொடிப்பொடியாக, அழுத்தாமல், அவசரமே இல்லாமல் எழுதியிருந்தது.

“இந்த வீட்டின் கதவு எந்தப் பக்கமாகத் திறக்கும்?”

நால்வரும் சனிக்கிழமை நாலு மணிக்குப் பல் டாக்டரின் கிளினிக்கில், நோயாளிகள் காத்திருக்கும் அறையில் கூடுவார்கள். மெக்கானிக்குக்குக் கதை என்றால் விண்வெளியும் எந்திரமும்தான். பேயே வந்தாலும் அது எதில் ஓடுகிறது என்று ஆசிரியர் சொல்லியாக வேண்டும் என்பான். டாக்டருக்கு மாயலோகக் கதைகள். முதல் பக்கத்தில் ஒரு வரைபடம், அதில் பெயர் தெரியாத நாலு மலை, இருந்தால் போதும், மனிதர் குழந்தையாகிவிடுவார். மருந்துக்கடை அண்ணனுக்குப் பழைய பேய்க்கதை தவிர வேறெதுவும் ஆகாது. அவளுக்கு மூன்றும் பிடிக்கும். அதனால் மூவரும் அவளைத் தங்கள் கட்சி என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

புத்தகம் ஒன்றுதான். ஆளுக்கு ஒரு வாரம் வீட்டில் வைத்துக்கொண்டு, தன் நிறத்தில் ஓரத்தில் எழுத வேண்டும். முன்னால் படித்தவரோடு சண்டை போடலாம், கிண்டல் செய்யலாம், கேள்வி கேட்கலாம். ஒரே ஒரு விதி. ஓரத்தில் கேட்ட கேள்விக்குப் பதில் எழுதாமல் புத்தகம் கைமாறக்கூடாது. மீறியவர் அடுத்த கூட்டம் முழுக்க டாக்டரின் பல் பிடுங்கும் நாற்காலியில் வாயைத் திறந்தபடி உட்கார வேண்டும். மெக்கானிக் ஒருமுறை உட்கார்ந்தான். அதற்கப்புறம் யாரும் மீறியதில்லை.

இந்த முறை அண்ணன் கொண்டுவந்தது அட்டை இல்லாத பழைய தொகுப்பு. மட்கிய துணி வாசனை அடித்தது. கடைசிக் கதையின் கடைசிப் பக்கத்தை யாரோ கிழித்திருந்ததால், ஐம்பத்தொன்பதோடு நின்றுவிட்டது. அந்தக் கதை இவ்வளவுதான்: ஒரு வீடு, ஒரு அம்மா, ஒரு மகள். வாசலில் ஒன்று வந்து நிற்கிறது. வீடில்லாத ஒன்று. அப்புறம் அது உள்ளே இருக்கிறது. எப்படி வந்தது என்று கதையில் இல்லை. “சொல்லாம விட்டதுதான் பயம்” என்று சிவப்பு. “பூட்டின கதவு வழியா எப்படிய்யா வரும், லாஜிக் இடிக்குதே” என்று அதன் கீழேயே பச்சையில் ஒரு புலம்பல்.

முறைப்படி அவள்தான் கடைசி. கறுப்புப் பென்சில் மெக்கானிக்கின் குறும்பு என்று முடிவுகட்டி, சமையலறை மேஜையில் உட்கார்ந்தபடியே பதில் எழுதினாள். அரைகுறையாக எழுதுவது அவளுக்குப் பிடிக்காது. “உள்பக்கம். மழைக்காலத்தில் உரசும், கைப்பிடியைத் தூக்கித் தள்ள வேண்டும்.”

இரண்டு பக்கம் தள்ளி அடுத்த கேள்வி. “படிகள் எத்தனை?”

“பதினாலு. ஒன்பதாவது படி சத்தம் போடும்.”

வாரம் முழுக்க இது நடந்தது. அச்சகத்திலிருந்து வந்து, மகளுக்குச் சாப்பாடு போட்டு, பாத்திரம் கழுவிக் கையைத் துடைத்துக்கொண்டு புத்தகத்தைத் திறந்தால் புதிதாக ஒரு கேள்வி காத்திருக்கும். நேற்று இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போனோமே, அப்போது இது இருந்ததா என்று ஒரு சந்தேகம் உள்ளே பிறாண்டும். களைப்பு என்று தள்ளிவிடுவாள். மகள் எங்கே தூங்குவாள்? கூடத்தை ஒட்டிய சின்ன அறையில், ஜன்னலோரக் கட்டிலில். அம்மா எப்போது வெளியே போவாள்? சனிக்கிழமை நாலு மணிக்கு. மகள் யார் வந்தால் கதவைத் திறப்பாள்? அந்தக் கேள்வியில் மட்டும் பென்சில் ஒரு நொடி நின்றது. விதி விதிதானே என்று அதற்கும் விவரமாகவே எழுதினாள்.

சனிக்கிழமை மத்தியானமே வானம் கறுத்துவிட்டது. மகளுக்கு லேசான காய்ச்சல். பத்து வயதுப் பெண் போர்வைக்குள்ளிருந்தே ஓயாமல் பேசிக்கொண்டிருந்தாள். கணவர் கப்பல் வேலை, வர இன்னும் ஐந்து மாதம். சனிக்கிழமைகளில் தங்கை வந்து பிள்ளையைப் பார்த்துக்கொள்வாள். இன்று மழையில் மாட்டிக்கொண்டேன், அரை மணி நேரம் தாமதமாகும் என்று தங்கை போனில் சொன்னாள். அரை மணி நேரம்தானே. போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் அந்தக் கறுப்புப் பென்சில் யார் என்று கேட்காமல் அவளால் இன்னொரு ராத்திரி தூங்க முடியாது. மாத்திரை கொடுத்து, தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளச் சொல்லி, வெளியே நின்று தாழ் விழும் சத்தத்தைக் கேட்டுவிட்டுத்தான் படி இறங்கினாள்.

கிளினிக்கில் விளக்கு போட்டும் வெளிச்சம் போதவில்லை. கண்ணாடியில் மழை வழிந்தது. உள்ளறையில் ஏதோ ஒரு குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. புத்தகத்தை மேஜையில் விரித்து, யாருடைய வேலை இது என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். அண்ணன் தன் கையில் வந்தபோது ஓரத்தில் எழுத்தே இல்லை என்றார், முதல் ஆள் அவர்தானே. மெக்கானிக் தன் அம்மா மேல் சத்தியம் செய்தான். அவன் பொய் சொன்னால் காது சிவந்துவிடும். சிவக்கவில்லை.

அவன் அவளுடைய பதில்களைத்தான் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தான். 

“அக்கா, பதினாலு படின்னு எழுதியிருக்கீங்களே, அது எந்தப் பக்கத்துல வருது? நான் தேடித் தேடிப் பாத்தேன், கதையில படியே கிடையாது.”

இல்லாமல் எங்கே போகும் என்று அவள் பக்கங்களைத் திருப்பினாள். அவளுக்கு அந்தப் படிகள் கண்முன் நின்றன. ஒன்பதாவதில் சிமெண்டு பெயர்ந்து, மேலே போட்ட பலகை ஆடும். கதவு, கட்டில், ஜன்னல், எல்லாம் அவ்வளவு தெளிவு. ஆனால் அச்சில் ஒரே ஒரு சொல்தான் இருந்தது. வீடு. ஐம்பத்தொன்பதாம் பக்கம் வரைக்கும் வெறும் வீடு.

டாக்டர் சிரித்தார். கதையில் வீட்டை விவரிக்காவிட்டால் நாமே ஒரு வீட்டைக் கொண்டுபோய் வைத்துக்கொள்வோம், எனக்கு என் மாமியார் வீடுதான் வந்தது, அதனால் பயமும் ஜாஸ்தி என்றார். மெக்கானிக்கும் சிரித்தான்.

அவள் சிரிக்கவில்லை. அவளுக்கு வந்தது அவளுடைய வீடேதான். மழைக்காலத்தில் உரசும் கதவு. பதினாலு படி. ஜன்னலோரக் கட்டில்.

மருந்துக்கடை அண்ணன் கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு அவளுடைய கடைசிப் பதிலை விரலால் தொட்டார். 

“இது என்னம்மா? ‘கமா என்று கூப்பிட்டால் மட்டும் திறப்பாள். அம்மா அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறாள்.’ இதுவும் கதையில இல்லியே. கமான்னா யாரு?”

பேச ஆரம்பித்தால் முற்றுப்புள்ளியே வைக்காத பெண்ணுக்குப் பிழை திருத்தும் அம்மா வைத்த பெயர். கணவருக்கும் தங்கைக்கும்கூடச் சொன்னதில்லை. தனியாக இருக்கும்போது யார் தட்டினாலும், யார் பெயரைச் சொன்னாலும் திறக்காதே, நான் கமா என்று கூப்பிட்டால் மட்டும் திற. இருவருக்குள் மட்டும் இருந்த ரகசியம். அதை அவளே, தன் கையால், பதில் எழுதாவிட்டால் நாற்காலியில் உட்கார வைப்பார்களே என்பதற்காக, ஒற்றெழுத்துப் பிசகாமல் எழுதிக் கொடுத்திருக்கிறாள்.

வீட்டுக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தார்கள். குரல் இல்லை. காகிதத்தில் பென்சில் உரசும் சத்தம் மட்டும். நிதானமாக. அவசரமே இல்லாமல். பிறகு யாரோ போனைப் பக்குவமாகக் கீழே வைத்தார்கள்.

பின்னால் மூவரும் கூப்பிட்டது காதில் விழவில்லை. குடையும் செருப்பும் கிளினிக்கிலேயே கிடந்தன. இரண்டே தெருதான். ஐந்து மணிக்கே இருட்டிவிட்டிருந்தது, கடைகளில் விளக்கு எரிந்தது, ஆட்கள் தாழ்வாரங்களில் ஒதுங்கி நின்றார்கள். ஓடும்போதே தங்கைக்குப் போன் போட்டாள். இன்னும் பஸ் ஸ்டாப்பில்தான் இருக்கிறேன், ஏன் இப்படி மூச்சு வாங்குகிறாய் என்றாள் தங்கை. பதில் சொல்ல நேரமில்லை. கடவுளே, ஒன்றும் ஆகியிருக்கக் கூடாது, பிள்ளை தூங்கிப்போயிருக்க வேண்டும், தூக்கத்தில் போனைத் தட்டிவிட்டிருக்க வேண்டும்.

படிக்கட்டில் எப்போதும் அடிக்கும் ஃபினாயில் வாசனை இல்லை. மட்கிய துணி வாசனை.

ஏறினாள். எண்ணினாள். ஏழு, எட்டு, ஒன்பது.

பலகை ஆடவில்லை. சத்தம் வரவில்லை.

இறங்கி மறுபடி மிதித்தாள். இரண்டு காலாலும். காலடியில் எதுவுமே நடக்கவில்லை. அங்கே யாரும் நிற்கவில்லை என்பது மாதிரி.

மேலே வாசலில் ஈரக் காலடி எதுவும் இல்லை. சாவியைப் போட்டாள். பூட்டு திறந்தது. கைப்பிடியைத் தூக்கித் தள்ளினாள். உள்ளே தாழ் போட்டிருந்தது. கதவுக்கு அடியில் வெளிச்சம் தெரிந்தது. அந்த வெளிச்சத்தில் இரண்டு நிழல்கள் நின்றன. ஒன்று பெரியது. ஒன்று சின்னது.

“கமா,” என்றாள். “கமா, அம்மாடா. கதவத் திற.”

சின்ன நிழல் நகரவில்லை.

“அம்மா இங்கதான் இருக்காங்க,” என்றது உள்ளேயிருந்து மகளின் குரல். பயந்த குரல். பயம் அவளைப் பார்த்து. “நீங்க யாரு?”

“நான்தான்டா கண்ணு. என் குரல் உனக்குத் தெரியலியா… கமா, அங்க நிக்கிறது நான் இல்லடா. ஜன்னலுக்குப் போ. கத்து.”

பெரிய நிழல் குனிந்தது. அவளுக்குத் தன் குரலே கேட்டது. காய்ச்சல் நாட்களில் மகளிடம் பேசும், தணிந்த, தூக்கம் கலந்த குரல்.

“திறக்காத கமா. நான் சொல்லித் தந்தேன் இல்ல? யார் கூப்பிட்டாலும் திறக்கக் கூடாது.”

அவள் கதவை அறைந்தாள். உள்ளங்கை எரிந்தது. எதிர்வீட்டுக் கதவு அசையவில்லை, யாரும் எட்டிப் பார்க்கவில்லை. கத்தினாள். எனக்கு இந்த வீட்டில் ஒவ்வொரு மூலையும் தெரியும், கேள், எது வேண்டுமானாலும் கேள், சொல்கிறேன் என்று கத்தினாள். சொல்ல வாயைத் திறந்தாள்.

கட்டில் எந்தப் பக்கம்? 

தெரியவில்லை.

ஜன்னல் எங்கே இருந்தது? கூடத்தின் சுவர் என்ன நிறம்? கண்ணை இறுக மூடித் தேடினாள். பதினாறு வருடமாக ஒரு புள்ளியைக்கூடத் தப்பவிடாத கண். ஒன்றும் வரவில்லை. ஒரு வீடு. ஒரு அம்மா. ஒரு மகள். அவ்வளவுதான் மிச்சம் இருந்தது.

உள்ளே பென்சில் உரசும் சத்தம் கேட்டது. நின்றது. இன்னொரு பென்சில், வேறு கை, கொஞ்சம் தடுமாறி எழுதும் சத்தம். அதுவும் நின்றது.

கதவின் அடியிலிருந்து ஒரு தாள் வெளியே வந்தது. பழுத்த தாள். ஒரு பக்கம் கிழிந்த ஓரம். மூலையில் அறுபது என்று எண். மேலே அச்சில் ஒரே ஒரு வரி: அவள் வாசலிலேயே நின்றாள்.

ஓரத்தில் கறுப்புப் பென்சில். பொடி எழுத்து.

“வெளியே நிற்பது யார்?”

அதன் கீழே கத்தரிப்பூ நிறத்தில், சமையலறை மேஜையில் அவள் வைத்துவிட்டு வந்த பென்சிலில், மகளின் உருண்டை எழுத்து. விதிப்படி எழுதிய பதில்.

“தெரியாது.”