நாயக்கர் மாளிகையில் அந்தி வெளிச்சம்

"பேய்க்கு எம்பொண்ணைப் புடிக்கலையாம், ஐயா!" என்று புலம்பிக்கொண்டே முனியப்பன் பர்னபாஸின் வீட்டுக்குள் வந்தார்.

தங்கச் சுரங்கங்களுக்கு விறகு விற்றுப் பணக்காரரானவர். பேத்தமங்களாவில் நொடித்துப்போன பாளையக்காரர் திம்மராய நாயக்கரின் மகன் ராஜப்பாவுக்கு மகள் மங்கம்மாவைப் பேசியிருந்தார். அவர்களுக்குப் பணம் வேண்டும்; இவருக்குப் பட்டம். ஆனால் நாயக்கரின் இறந்த மனைவியின் அறையில் அந்திதோறும் வெளிச்சம், கூடவே அழுகுரல்.

"எம்பொண்ணு அங்க வாழலாமா, கூடாதா? நீங்கதான் சொல்லணும்."

பர்னபாஸ் சுரங்க வாசலில், தங்கம் கடத்துகிறார்களா என்று தொழிலாளிகளைச் சோதித்து ஓய்வு பெற்றவர். ஒருவன் கொட்டாவி விட்டதைப் பார்த்தே வயிற்றில் இத்தனை தங்கம் என்று சொன்னவர். எடையும் சரியாக இருந்ததாம். பேய் என்றதும் அவர் மனைவி ஃப்ளோரா செருப்பை மாட்டிக்கொண்டுவிட்டாள். மங்கம்மாவும் வண்டியேறினாள்.

மாளிகைக் கூரையில் பாதி இல்லை. மீதியை வௌவால்கள் தாங்கிப் பிடித்திருந்தன. அந்த அறைக் கதவின் வெளிப்புறம், நெற்றி உயரத்தில், சிவப்புத் தீற்றல்.

"ரத்தம்!" என்றாள் ஃப்ளோரா.

உள்ளே, காற்றே இல்லாமல் கொடியில் ஒரு புடவை அசைந்தது. விளக்கு மாடத்தில் ஒட்டடை. பக்கத்துச் சுவரில் களிமண் உருண்டை. அதில் குத்திய மெழுகுவத்தித் துண்டு.

"இன்னாங்க இது? மாடம் இருக்க, சுவத்துல அப்பி வெச்சிருக்குது. அறிவில்லாத பேய்!" என்றாள் ஃப்ளோரா.

"பழக்கமுள்ள பேய்," என்றார் பர்னபாஸ்.

அப்போது ராஜப்பா வந்தான். யானை நுழையக்கூடிய வாசலில் தலையைக் குனிந்துகொண்டு நுழைந்தான்.

பர்னபாஸ் எல்லாரையும் கூடத்துக்கு அழைத்தார். திம்மராய நாயக்கரும் வந்தார்.

"சுரங்கத்துல மாடம் கிடையாது. மெழுகுவத்தியைக் களிமண்ணுல குத்திப் பாறையில அப்புவாங்க. அந்தக் கை எங்க போனாலும் அப்பும். பாறைக்குக் குனிஞ்ச தலை எந்த வாசல்லயும் குனியும். எந்தச் சுரங்கம், தம்பி?"

"பாலகாட் சுரங்கம். வேற பேருல கூலி வேலை," என்றான் ராஜப்பா. "விலைபோக மனசில்லை. அப்பாகிட்டச் சொல்லத் தைரியமும் இல்லை. பேய்னு பயந்து சம்பந்தம் முறியட்டும்னு மெழுகுவத்தி ஏத்திட்டுப் பின்ஜன்னல் வழியா ஓடிடுவேன்; இன்னிக்கு ஏத்தறதுக்குள்ள நீங்க வந்துட்டீங்க, புடவையை இடிச்சுக்கிட்டு ஓடினேன். ஆனா அழுறது நான் இல்லீங்க. அது அம்மா."

ஃப்ளோரா சிலுவை போட்டுக்கொண்டாள்.

"இல்ல. கதவுல இருக்கறது ரத்தமும் இல்ல, நாமம்," என்று பர்னபாஸ் கிழவரைப் பார்த்தார்.

நாயக்கர் நெற்றி நாமத்தைத் தொட்டார். "வெளிச்சத்தைப் பாத்து, அவதான் வந்துட்டான்னு நெனச்சேன். உள்ள போகப் பயம். புள்ளய விக்கறேன், மன்னிச்சுடுன்னு கதவுல சாஞ்சு அழுதேன்."

"பாளையக்காரன்னு வந்தா, கூலிக்காரன்!" என்று முனியப்பன் தலையில் கைவைத்தார்.

"இவரை வாங்க முடியாதுப்பா," என்றாள் மங்கம்மா. "நானே கேட்டுப் பாக்கறேன்." ராஜப்பாவிடம் திரும்பினாள். "கட்டிக்கிறீங்களா?"

அவன் முதல்முறையாகத் தலையை நிமிர்த்தினான். "ஷிஃப்ட் வேலைங்க. இந்த வீட்டுல தனியா இருக்கணும். பயமா இருக்காதா?"

"பேயே வேலைக்குப் போயிட்டா, அப்புறம் இன்னா பயம்?"