ஐந்து மணி நடுக்கம்

எங்கள் வீட்டில் ஒரே ஒரு சட்டம்தான். குதிக்கக் கூடாது.

அம்மா நிலநடுக்கத்தை ஆராய்கிறவர். மாடியில் வீடு, கீழே அலுவலகம், அதற்கும் கீழே நிலவறையில் ஒரு கருவி. தரை துளி அசைந்தாலும் போதும், அலுவலகத்தில் சுழலும் தாளில் பேனா கிறுக்கிவிடும்.

ஆனால் பத்து நாளில் எனக்குக் கயிறு தாண்டும் போட்டி! பள்ளி மைதானத்தை நாலரைக்கே பூட்டிவிடுகிறார்கள். வேறு எங்கே போவேன்? 'இருபத்தாறு கிலோதானே இருக்கேன், பூமிக்கு என்ன தெரியப்போகுது' என்று பின்பக்கச் சிமெண்ட் தரையில் திருட்டுத்தனமாகக் குதித்துவந்தேன்.

ஒரு வாரம் கழித்து ஒரு நாள் பள்ளி விட்டு வந்தபோது, அம்மா அலுவலகத்தில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஒரு வாரமா சாயங்காலம் அஞ்சு மணிக்கு டாண்ணு நடுக்கம் வருதுடி. நான் மேல வீட்டுல இருந்த ஞாயித்துக்கிழமை மட்டும் வரல. இன்னிக்கே தலைமை அலுவலகத்துக்கு எழுதணும்."

"பூமிக்கு ஞாயித்துக்கிழமை லீவாம்மா?"

கேட்ட பிறகுதான் திக்கென்றது. ஞாயிற்றுக்கிழமை குதிக்காதது நான்தானே!

சொன்னால் திட்டு விழும், பயிற்சியும் போச்சு. சொல்லாவிட்டால் அம்மா தப்பாக எழுதிவிட்டு எல்லார் முன்னாலும் தலைகுனிந்து நிற்பார்.

"அனுப்பாதம்மா. அந்த நடுக்கம் நான்தான்." கயிற்றை எடுத்து மேசைமேல் வைத்தேன்.

அம்மா கயிற்றைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். "அடிப்பாவி!" என்றவர், கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "சரி, மணி அஞ்சாகுது. இன்னிக்கு என் பக்கத்துலயே ஆடாம அசையாம நில்லு, பார்ப்போம்" என்றார்.

பேனா சமர்த்தாக நேர்கோடு போட்டது. ஐந்து நிமிடம். ஏழு நிமிடம். திடீரென்று அது மெதுவாக, அகலமாக ஆடத் தொடங்கியது.

"சத்தியமா நான் குதிக்கலம்மா!"

அம்மா கணினிக்கு ஓடினார். "பூமியோட மறுகோடியிலடி! இருபது நிமிஷத்துக்கு முன்னாடி நடுக்கடலுக்கு அடியில பாறை உடைஞ்சிருக்கு. நல்லவேளை, பக்கத்துல ஊரே இல்ல. அந்த அலைதான் இப்போ நம்ம காலுக்கு அடியில போகுது."

"இப்பவா? இந்தத் தரையா ஆடுது?"

"ஆமா, துளியூண்டு. நீ குதிச்சுக்கிட்டு இருந்தா இதோட ஆரம்பமே தெரிஞ்சிருக்காது."

செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நின்றேன். காலுக்கு ஒன்றுமே தெரியவில்லை. ஆனால் உடம்பெல்லாம் சிலிர்த்தது. அம்மாடி, எவ்வளவு பெரிய பூமி! அது முழுசும் சேர்ந்து அசைகிறது, நான் அதன்மேல் நிற்கிறேன்.

"இனிமே காலையில சீக்கிரம் போய் மைதானத்துலயே குதிக்கிறேன்மா" என்றேன். குரல் தானாகவே கிசுகிசுப்பாகத்தான் வந்தது.

அம்மா பழைய தாள்களை எடுத்தார். ஒவ்வொரு ஐந்து மணிக் கிறுக்கலுக்குப் பக்கத்திலும் 'காரணம்: என் மகள்' என்று எழுதினார். பிறகு பேனாவை என்னிடம் நீட்டினார்.

இன்றைய தாளில் நான் எழுதினேன்: 'காரணம்: பூமி.'