"கழுத்தை நெரிக்கிறேன், பாருங்க!"

அது மத்தியானம் சொன்ன வார்த்தை. பிறகு டயர் கூடாரத்திலிருந்து ஓர் அலறல் கிளம்பியபோது, அதைச் சொன்ன ரேஸ் ஓட்டுநர் மினோவா சிஸுரு ஓய்வறையில் தனியாக உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

அவள் அழுததை யாரும் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் பிழைத்திருப்பாள்!

ஓடினாள்.

அடுக்கி வைத்த டயர்களுக்கு நடுவே தொகாவா மல்லாந்து கிடந்தார். அவளுடைய காருக்கு இன்ஜினியர். கழுத்தைச் சுற்றி மெல்லிய சிவப்புக் கோடு. நாக்கு... வேண்டாம், விடுங்கள்.

ஒன்று மட்டும் குறைந்தது. தொகாவாவின் ஸ்டாப்வாட்ச்! கம்ப்யூட்டர் வந்த பிறகும் அதைக் கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருப்பார். கயிற்றில் கோயிலில் வாங்கிய குட்டி மணி வேறு. நடந்தால் கிணுகிணுக்கும். அணியில் அவருக்குப் பூனை என்றே பெயர்.

கூடாரத்தில் இருந்த அத்தனை பேரும் பிணத்தை விட்டுவிட்டு சிஸுருவைப் பார்த்தார்கள்.

காரணம் இருந்தது.

மத்தியானம் தகுதிச் சுற்று. ரேஸில் யார் எந்த வரிசையிலிருந்து கிளம்புவது என்று அதில்தான் முடிவாகும். புது டயர், காலியான பாதை, சீசனிலேயே அவள் வேகமாக ஓட்டிக்கொண்டிருந்த சுற்று... பாதி வழியில் தொகாவா ரேடியோவில் உள்ளே வரச் சொன்னார். ஏனென்று புரியாமலே வந்தாள். வந்து நின்றதும் மற்றவர்கள் ஒவ்வொருவராக அவள் நேரத்தை முந்தினார்கள். சீசனின் கடைசி ரேஸில் கடைசிக்குப் பக்கத்து வரிசை.

அப்போதுதான் அவள் ரேடியோவில் சொன்னாள்.

"தொகாவா-சான்... இறங்கி வந்ததும் உங்க கழுத்தை நெரிக்கிறேன், பாருங்க!"

இந்தப் போட்டியில் அணிகளின் ரேடியோவை ரசிகர்கள் போனிலேயே கேட்கலாம். அவள் ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் அதை ஜப்பான் முழுக்கக் கேட்டுவிட்டது.

*

அணியின் லாரிக்குப் பின்புறம் ஒரு சின்ன அறை. ஜன்னல் கிடையாது. எதிரே இன்ஸ்பெக்டர் ஒனோதெரா. இரண்டு பேருடைய முழங்காலும் இடித்துக்கொண்டன.

காக்பிட்டில் பெல்ட் போட்டு எவ்வளவு இறுக்கினாலும் சிஸுருவுக்கு மூச்சு முட்டியதில்லை. இங்கே முட்டியது.

"நெரிக்கிறேன்னு சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"நெரிச்சீங்களா?"

"இல்லை, சார்."

"என் மனைவிகூட வாரத்துக்கு ஒரு தடவை அப்படிச் சொல்றாங்க. அதை மட்டும் வெச்சு உங்களைப் பிடிக்க மாட்டேன். தகுதிச் சுற்று முடிஞ்சு எங்கே இருந்தீங்க?"

"ஓய்வறையில. தனியா."

"தனியா என்ன பண்ணீங்க?"

"முகம் கழுவினேன்."

அழுதேன் என்று சொல்ல வாய் வரவில்லை. இந்தத் தொழிலில் பெண் ஓட்டுநர் ஒரு தடவை அழுதால் பத்து வருஷம் பேசுவார்கள்.

நாளைக்கு ரேஸ். பட்டம் இரண்டே பேருக்கு நடுவில்தான். அவள், அப்புறம் அதே அணியின் அகுட்சு ரியோஹெய். அவன் இரண்டே புள்ளி முன்னால். அவள் நாளைக்குக் காரில் ஏறாவிட்டால் அவன் தூங்கிக்கொண்டே ஜெயிப்பான். அதை அவள் இன்ஸ்பெக்டரிடம் சொன்னாள். அகுட்சுவையும் விசாரியுங்கள் என்றாள்.

ஒனோதெரா வருத்தமாகத் தலையாட்டினார்.

"அவர் அசையவே முடியாத இடத்துல இருந்தாராமே. அலறல் கேட்டு எல்லாரும் ஓடினப்போ, வாங்கடா, என்னையும் தூக்கி விடுங்கடான்னு அவர் மட்டும் கத்திக்கிட்டு இருந்திருக்கார்."

அது நிஜம்தான். வெள்ளிக்கிழமை சுவரில் மோதி அகுட்சுவின் சீட் உடைந்துவிட்டது. தகுதிச் சுற்றை ஒட்டுப் போட்டு ஓட்டிவிட்டான், ரேஸுக்குப் புது சீட் வேண்டும். இந்தக் கார்களில் சீட் கடையில் வாங்குவதில்லை. காக்பிட்டில் பை விரித்து, ஆளை அதன் மேல் உட்கார வைத்து, உள்ளே நுரைக் கலவையை ஊற்றுவார்கள். அது முதுகையும் இடுப்பையும் அப்படியே அச்செடுத்துக் கல்லாக இறுகும். இறுகி முடிகிற வரைக்கும் உட்கார்ந்தவன் கைதிதான்.

கதவு தட்டப்பட்டது.

கான்ஸ்டபிள் ஒரு பையோடு நின்றான். சிஸுருவின் ஹெல்மெட் பை. அதற்குள் கையுறை போட்ட கையை விட்டு எதையோ தூக்கினான்.

கிணிங்...!

ஸ்டாப்வாட்ச்!

 நான் வைக்கவில்லை என்றாள். யாரோ வைத்திருக்கிறார்கள் என்றாள். சொல்லச் சொல்ல அவளுக்கே அது பொய் மாதிரிக் கேட்டது.

ஒனோதெரா அதை பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"கிளம்பலாம், மினோவா-சான்."

"நாளைக்கு ரேஸ், சார்..."

"நாளைக்கு நீங்க ஸ்டேஷன்ல இருப்பீங்க."

*

வெளியே போக காராஜ் வழிதான் ஒரே வழி. மெக்கானிக்குகள் தரையைப் பார்த்துக்கொண்டு ஒதுங்கினார்கள். காலையில் அவளுக்குச் சோற்று உருண்டை பங்கு போட்டுத் தந்தவர்கள்! 

மேஜை மேல் அகுட்சுவின் புது சீட் கிடந்தது. சீட் வார்க்கிற நிஷிகோரி அணி டைரக்டரிடம் புலம்பிக்கொண்டிருந்தார்.

"வழக்கமா புழு மாதிரி நெளிவாரு, சார். இன்னிக்கு சிலை மாதிரி உக்காந்தாரு. மூச்சுகூட பாத்துத்தான் விட்டாரு. அப்படியும் பாருங்க, இடுப்புகிட்ட கண்றாவியா ஒரு பள்ளம். இதை அடைக்கணும்."

சிஸுரு நின்றுவிட்டாள்.

கான்ஸ்டபிள் தோளைத் தொட்டான். அவள் நகரவில்லை.

இடுப்பு பதிகிற இடத்தில் வட்டமாக ஒரு பள்ளம். வட்டத்தின் உச்சியில் சின்னக் குமிழ். பக்கத்தில் பட்டாணி அளவில் ஒரு குழி. இரண்டுக்கும் நடுவே புழு ஊர்ந்த மாதிரி ஒரு கோடு...

"இன்ஸ்பெக்டர் சார். உங்க கையில இருக்கறதைக் கொஞ்சம் இந்தப் பள்ளத்துல வைங்க."

"எதுக்கு?"

"வைங்க, சார். அப்புறம் விலங்கு போடுங்க."

ஒனோதெரா அவளை ஒரு தரம் பார்த்தார். உறையோடு வாட்சைப் பள்ளத்தில் இறக்கினார். வட்டம் வட்டத்தில் உட்கார்ந்தது. குமிழ் குமிழில். கயிற்றைக் கோட்டோடு நெளித்துவிட்டதும் மணி தானாகப் பட்டாணிக் குழியில் விழுந்தது.

நிஷிகோரி குனிந்து பள்ளத்தை உற்றுப் பார்த்தார்.

வாசலில் அகுட்சு நின்றிருந்தான். கையில் சூடான டப்பா காபி. முகத்தில் ஒரு சிரிப்பு, ஆனால் அது பாதியில் நின்றிருந்தது.

"அது என்னோட வாட்சா இருக்கும், சார். அதே மாதிரி என்கிட்டயும் ஒண்ணு இருக்கு. பாக்கெட்லேர்ந்து எடுக்க மறந்துட்டேன்."

"எந்தப் பாக்கெட்?" என்றாள் சிஸுரு.

"பின்... பின் பாக்கெட்."

சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது.

"ரேஸ் உடுப்புக்குப் பாக்கெட்டே கிடையாது, அகுட்சு-சான். பதினஞ்சு வருஷமா போடறீங்க, தெரியாதா? அதனாலதானே உடுப்புக்குள்ள இடுப்புல செருகினீங்க. தூக்கிப் போடலாம்னு வந்தீங்க, சீட் ஊத்தத் தயாரா நின்னாங்க. மாட்டேன்னு சொன்னா ஏன்னு கேப்பாங்க. உக்காந்தீங்க. நெளிஞ்சா மணி அடிக்கும்... அதனாலதான் இன்னிக்கு மட்டும் சிலை!"

காபி டப்பா கீழே விழுந்து உருண்டது.

அப்புறம் அவன் எதையும் மறைக்கவில்லை. அடுத்த வருஷம் தன்னோடு ஐரோப்பாவுக்குக் கூட்டிப் போவதாகத் தொகாவாவுக்கு ஆசை காட்டி, சிஸுருவைப் பாதியில் உள்ளே கூப்பிட வைத்தது அவன்தான். ரேடியோவில் அவள் குரல் உடைந்ததைக் கேட்டதும் தொகாவாவுக்கு மனசு தாங்கவில்லை. டைரக்டரிடம் சொல்லப் போகிறேன் என்றிருக்கிறார். அவர் கழுத்துக் கயிறு அகுட்சுவின் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்திருக்கிறது. சீட் இறுகி எழுந்ததும், விசாரணை நடந்த நேரத்தில் வாட்சை சிஸுருவின் பைக்குள் போட்டதும் அவன்தான்.

சிஸுருவுக்குக் கோபம் வரவில்லை. அழுகைதான் வந்தது. இந்தத் தடவை எல்லோர் முன்னாலும் அழுதாள்.

ஒனோதெரா அவளிடம் கைக்குட்டையை நீட்டிவிட்டு, அகுட்சுவின் கையில் விலங்கை மாட்டினார்.

"என் சீட்..." என்று முனகினான் அகுட்சு. பழக்கதோஷம்.

சிஸுரு கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"போற இடத்துல யாரும் அளவெடுத்து சீட் ஊத்த மாட்டாங்க, அகுட்சு-சான். தரையில அசையாம உக்காந்திருக்கணும்... அதுதான் உங்களுக்கு இப்போ நல்லா வருதே!"