வாசலை மறித்த வேன்

வாசலை அடைத்துக்கொண்டு வேன் ஒன்று நின்றிருந்தது. ஐப்பசி மழை வேறு. ஸ்கூட்டரை வெளியே எடுக்க முடியாமல் ஏவ்லின் வேனின் கண்ணாடியைத் தட்டினாள். ஸ்டியரிங்கில் தலை சாய்த்துத் தூங்கியவன் பதறி எழுந்தான்.

அது ஒரு மெல்லிசைக் குழுவின் வேன். அதை ஓட்டுவது, ஸ்பீக்கர் பெட்டிகளை ஏற்றி இறக்குவது, ஒயர் இழுப்பது எல்லாமே இளம்பரிதிதான். திண்டிவனம் கச்சேரி முடிந்து, பாடகர்களை வீடு சேர்த்துவிட்டு, குருசுக்குப்பத்தில் ஓரங்கட்டிக் கண்ணயர்ந்திருக்கிறான். விளக்கை அணைக்க மறந்ததில் பேட்டரி செத்துப்போயிருந்தது.

“தள்ளித்தாங்க ஸ்டார்ட் பண்ணணும்... உங்களுக்கு கார் ஓட்டத் தெரியுமா?”

பல் ஆஸ்பத்திரியில் வேலை அவளுக்கு. நேரமாகிறது என்று கடுகடுத்துக்கொண்டே ஏறி உட்கார்ந்தாள். தெருவில் போன இரண்டு மீன்காரர்களைச் சேர்த்துக்கொண்டு அவன் தள்ள, சொன்னபடி இரண்டாவது கியரில் கிளட்சை விட்டாள். வண்டி குலுங்கி உறுமியது. பக்கக் கண்ணாடியில் பார்த்தாள்... முழங்கால் வரை சேறு, முகமெல்லாம் மழை, அதற்குள்ளும் சிரிக்கிற இரண்டு கண்கள்.

அன்றைக்கு ஆஸ்பத்திரியில் நோயாளிகளை இரண்டு முறை ஆள் மாற்றிக் கூப்பிட்டாள்.

அதன்பின் நெய்வேலி, ஆரணி, கும்பகோணம் என்று எங்கே போனாலும் அவன் அந்தத் தெரு வழியாகவே திரும்பினான். கடற்கரையில் டீ. எந்த ஊரில் மேடை ஆடும், எந்த ஊரில் சாப்பாடு நன்றாயிருக்கும் என்று அவன் சொல்லச் சொல்ல அவள் கேட்பாள்.

அவள் அப்பா ழான்-லூக், பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற சிப்பாய், ஊர்ப் பேச்சில் சொல்தா. குடும்பத்துக்கே பிரெஞ்சுக் குடியுரிமை. அதற்காகவே பெண் கேட்டு வந்தவர்களை அவர் நிறையப் பார்த்திருந்தார். வேன்காரனுக்கு உன்னைப் பிடித்திருக்கிறதா, பாஸ்போர்ட்டையா, கேட்டுப் பார் என்றார்.

அவள் கேட்டேவிட்டாள். விளையாட்டாகத்தான்... ஆனால் குரலில் விளையாட்டு இல்லை.

இளம்பரிதி டீ கிளாஸை வைத்துவிட்டு எழுந்து போனான். பிறகு போனை எடுக்கவில்லை. வேனும் அந்தப் பக்கம் வரவில்லை. அவனே பேசட்டும் என்ற வீம்பு அவளுக்கு ஒரு வாரத்தில் தீர்ந்தது. வெட்கம் இன்னும் இரண்டு வாரம் பிடித்துவைத்தது.

மாசித் திருவிழாக் கச்சேரிக்குக் குழு கனகசெட்டிக்குளம் வந்திருப்பதாக அறிந்து, மதியமே போனாள். அவன் வேனிலிருந்து ஸ்பீக்கர் இறக்கிக்கொண்டிருந்தான்.

“அன்னிக்குக் கேட்டது எங்கப்பாவோட கேள்வி” என்றாள். “என் கேள்விய நான் இன்னும் கேக்கல... என்னைக் கட்டிக்கிறீங்களா?”

அவன் பெட்டியை மெல்லக் கீழே வைத்தான்.

“கோவத்துல போவல ஏவ்லின். எனக்கு உன்னைப் புடிக்கும். அத எப்படி நிரூபிக்கிறதுன்னு தெரியல... அதான் போயிட்டேன்.”

“நிரூபிக்க வேணாம். சொன்னா போதும்.”

“சொல்லிட்டேனே.”

“சரியாக் காதுல வுழல.”

“உங்கப்பா?”

“சொல்லிட்டுத்தான் வந்தேன். நாளைக்கு வீட்டுக்குக் கூட்டியா, நானே பாக்கறேன்னாரு.”

மேடையிலிருந்து கீபோர்டு வாசிக்கும் கோவிந்தராசு ஒயரைக் கேட்டுக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். இளம்பரிதி திரும்பவில்லை. அவள் கண்ணைப் பார்த்து, இந்த முறை நிதானமாக, இன்னொரு தடவை சொன்னான்.